தாளம் போடும் பெட்டி

நாற்பது வருஷம் பெரிய பெரிய பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பழுத்த ஒரு பிடில் வித்வான் தாளம் தப்பினார் என்று யாராவது வந்து சொன்னால் நான் நம்பமாட்டேன். சொன்னவருடைய காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அந்த அதிசயத்தை என் கண்ணாலேயே பார்க்கும்படி ஆயிற்று.

என் சிநேகிதரின் பிள்ளை சென்னையில் ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறான். கூடம் என்றதும் பெரிய மண்டபம், ஐம்பது வாத்தியக்காரர்கள், நடுவே கோலை ஆட்டும் ஒரு மனிதர் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன். பார்த்ததோ மெத்தை தைத்த நாலு சுவர், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், மூன்று காபி டம்ளர்கள். அவ்வளவுதான். மற்ற வாத்தியங்களெல்லாம் முன்பே தனித்தனியாகப் பதிவாகிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தன. பிடில் ஒன்றுதான் பாக்கி.

வித்வான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வில்லை எடுத்தார். நாலு வரி அமிர்தமாக வாசித்தார். ஐந்தாவது வரியில் தடுமாறினார். மறுபடி தொடங்கினார், மறுபடி அதே இடத்தில் தடுமாற்றம். மூன்றாவது தடவை வில்லைக் கீழே வைத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"தம்பி, என் காதுக்குள்ளே உட்கார்ந்து ஆணி அடிக்கிறானே ஒரு தச்சன், யாரப்பா அவன்?"

"அதுதான் சார் க்ளிக். நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தட்டு. அதை விட்டு நகர்ந்தால் மற்ற வாத்தியம் எதுவும் ஒட்டாது."

"நான் எழுபத்திரண்டில்தானே வாசிக்கிறேன்?"

"ஐந்தாவது வரியில் எழுபதுக்கு இறங்கிவிடுகிறீர்கள், சார்."

"அங்கே மூச்சு விடவேண்டாமா?"

பையன் பதில் சொல்லவில்லை. வித்வானின் முகத்தில் நான் கண்டது கோபமல்ல, பயம். 'இந்தத் தச்சனோடு ஒத்துப்போக முடியாவிட்டால் அடுத்த தடவை நம்மைக் கூப்பிடமாட்டார்களே' என்ற பயம். பிடில் சப்தத்தையே பெட்டிக்குள் அடைத்து விற்கிறார்களாம். அதற்கு மூச்சு விடுகிற வியாதி கிடையாது.

அன்று என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்தத் தச்சனின் பூர்வோத்தரத்தை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் இன்று நேற்றுப் பிறந்தவனல்ல. அவனுடைய வமிசத்தில் ஒரு மேதை உண்டு, ஒரு காது கேளாதவர் உண்டு, ஒரு சாமர்த்தியசாலியும் உண்டு.

மனிதன் முதன்முதலில் தாளம் பார்த்தது எதை வைத்து? தன் நாடியை வைத்துத்தான். இத்தாலியில் காஃபூரியஸ் என்ற சங்கீத பண்டிதர் 1496-ல் எழுதிய நூலில், அமைதியாக மூச்சு விடும் மனிதனின் நாடித் துடிப்பே தாளத்துக்கு அளவு என்று வைத்தார். பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்குக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்த குவான்ட்ஸ் இன்னும் ஒரு படி போனார். 1752-ல் வெளிவந்த அவருடைய புல்லாங்குழல் நூலில், ஆரோக்கியமான மனிதனின் நாடி நிமிஷத்துக்குச் சுமார் 80 என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். அதுவும் எப்போது? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மனிதன் உற்சாகமாக இருக்கும்போது! சமையல் சரியாக அமையாத நாட்களில் அந்த ஊரில் கச்சேரி எந்தக் காலத்தில் நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நாடிக்குப் பதில் ஊசல் வந்தது. ஆடும் விளக்கைப் பார்த்துக் கலிலியோ ஊசலின் ரகசியத்தைக் கண்டுகொண்டார் என்ற கதையை நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவருடைய தகப்பனார் லூட் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர், சங்கீத சாஸ்திரம் எழுதியவர் என்பதை மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. தாளம் போடும் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஊசலைக் கவனித்ததில் என்ன ஆச்சரியம்?

ஊசலைக் கொண்டு சங்கீதத்துக்குக் காலம் அளக்கலாம் என்று 1696-ல் பாரிஸில் எத்தியேன் லூலியே என்பவர் ஒரு கருவியே செய்து காட்டினார். ஆறடி உயரம். துளைகள் போட்ட ஒரு பலகை. துளைக்குத் துளை ஆணியை மாற்றினால் ஊசலின் நீளம் மாறும். நீளம் மாறினால் வேகம் மாறும். அது சத்தம் போடாது. வாசிப்பவர் கண்ணால் பார்த்துக்கொண்டே வாசிக்கவேண்டியதுதான்.

ஊசலில் ஒரு சங்கடம் இருக்கிறது. வினாடிக்கு ஒரு தட்டு வேண்டுமானால் ஊசலின் நீளம் ஏறக்குறைய 1 மீட்டர் இருக்கவேண்டும். நிமிஷத்துக்கு 40 தட்டு என்று விளம்ப காலத்துக்குப் போனால் 2 மீட்டருக்கு மேல் வேண்டும். மேஜைமேல் வைக்கிற காரியமா அது? சங்கீத வித்வான் வெளியூர் கிளம்பும்போது கருவியை ஏற்றத் தனி வண்டி வேண்டியிருக்கும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த டீட்ரிக் நிகோலாஸ் விங்கெல் என்ற வாத்தியத் தச்சர். ஜெர்மனியில் பிறந்தவர். 1814-ல் அவருக்கு ஓர் எளிய யோசனை தோன்றியது. ஊசலின் அடியில் மட்டும் எடை வைப்பானேன்? அச்சுக்கு மேலேயும் ஓர் எடை வைத்தால் என்ன? வைத்துப் பார்த்தார். கீழ் எடை இழுக்க, மேல் எடை தடுக்க, ஒரு ஜாணளவுக் கம்பி பெரிய ஊசலைப்போல் நிதானமாக ஆடிற்று. மேல் எடையை ஏற்றினால் காலம் தாழும், இறக்கினால் துரிதமாகும். இருநூறு வருஷமாகப் பியானோக்களின்மேல் கோபுரம் மாதிரி உட்கார்ந்து டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறதே, அந்த மெட்ரோனோமின் உயிர் இதுதான்.

இங்கேதான் நம் சாமர்த்தியசாலி வருகிறார். யோஹான் நேபோமுக் மெல்ஸல் என்று பெயர். வியன்னாவில் யந்திர வித்தைகளுக்குப் பேர்போனவர். தானாக வாசிக்கும் யந்திர வாத்தியக் குழு ஒன்று செய்திருந்தார். தானாகச் சதுரங்கம் ஆடும் துருக்கன் பொம்மை ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். கெம்பெலென் என்பவர் செய்த பொம்மை அது. ராஜாக்களையெல்லாம் தோற்கடித்த அந்தப் பொம்மையின் வயிற்றுக்குள் ஒரு நிஜமான சதுரங்க ஆட்டக்காரர் ஒளிந்து உட்கார்ந்திருப்பார் என்பதுதான் அதன் ரகசியம். மெல்ஸலின் குணசித்திரத்தை ஒரு நாவலாசிரியன் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மெல்ஸல் 1815-ல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனார். விங்கெலின் கருவியைப் பார்த்தார். விலைக்குக் கேட்டார் என்றும் விங்கெல் மறுத்தார் என்றும் சொல்கிறார்கள். மெல்ஸல் ஊர் திரும்பினார். அந்தக் கம்பிக்குப் பின்னால் எண்கள் எழுதிய ஓர் அளவுகோலை ஒட்டினார். அதே வருஷம் பாரிஸில் தம் பெயரில் உரிமை பதிவு செய்துவிட்டார்! விங்கெல் முறையிட்டார். டச்சு அறிஞர் சபை விசாரித்து, 'கண்டுபிடித்தவர் விங்கெல்தான்' என்று தீர்ப்பும் சொல்லிற்று. பிரயோஜனம் என்ன? அதற்குள் மெல்ஸலின் பெட்டிகள் ஐரோப்பா முழுவதும் டிக், டிக் என்று அடிக்கத் தொடங்கிவிட்டன. மேனாட்டுச் சங்கீதப் புத்தகங்களில் 'எம். எம்.' என்று இரண்டு எழுத்துப் போட்டு, பக்கத்தில் ஓர் எண் போட்டிருப்பார்கள். 'மெல்ஸலின் மெட்ரோனோம்' என்று அர்த்தம். விங்கெலின் பெயருக்கு அங்கே ஓர் எழுத்துகூட இல்லை. அவர் 1826-ல் காலமானார்.

மெல்ஸலுக்கு வாடிக்கையாளராக வாய்த்தவர் யார் தெரியுமா? சாட்சாத் பீத்தோவன்! இருவருக்கும் விசித்திரமான உறவு. செவி மங்கிக்கொண்டிருந்த பீத்தோவனுக்குக் காதில் வைத்துக் கேட்கும் குழல்களைச் செய்து கொடுத்தவர் மெல்ஸல். அவருடைய யந்திர வாத்தியக் குழுவுக்காக 1813-ல் பீத்தோவன் ஒரு போர் இசை எழுதினார். பிறகு அது யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்து கோர்ட்டுக்குப் போனார்கள். மெட்ரோனோம் வந்த பிறகு, 1817-ல் சமாதானமாகி, வழக்குச் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். அதே வருஷம் டிசம்பரில், லீப்ஸிக் நகரத்துச் சங்கீதப் பத்திரிகை ஒன்றில், தம்முடைய எட்டு ஸிம்பனிகளுக்கும் எந்தெந்தப் பகுதி நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்ற அட்டவணையைப் பீத்தோவன் வெளியிட்டார்.

இதை நாம் ஒரு கணம் நின்று யோசிக்கவேண்டும். தாம் எழுதிய சங்கீதத்தைத் தாமே கேட்க முடியாத நிலைக்கு ஒரு மனிதர் போய்க்கொண்டிருக்கிறார். கச்சேரியில் யாராவது அதை ஓட ஓட விரட்டினாலும், தூங்கித் தூங்கி இழுத்தாலும் 'அப்படி இல்லையப்பா' என்று எழுந்து சொல்ல அவரால் முடியாது. காதுதான் இல்லை, எண்ணாவது இருக்கட்டும் என்று அந்தப் பெட்டியைப் பற்றிக்கொண்டார். நம் வித்வானின் காதில் ஆணி அடித்த அதே தச்சன், பீத்தோவனுக்குக் கடைசி நம்பிக்கையாக இருந்திருக்கிறான்!

அந்த எண்களை உலகம் மதித்ததா என்றால், அதுவும் இல்லை. 1819-ல் அச்சான 'ஹாமர்கிளாவியர்' என்ற அவருடைய பியானோ ஸோனாட்டாவின் தொடக்கத்துக்கு 138 என்று போட்டார். அந்த வேகத்தில் வாசித்தால் விரல் முறிந்துபோகும் என்று பியானோ வித்வான்கள் இருநூறு வருஷமாகப் புகார் சொல்லி வருகிறார்கள். பெட்டி பழுதாக இருந்தது என்பது ஒரு கட்சி. பீத்தோவன் சொன்னதுதான் சரி, நமக்குத்தான் தைரியமில்லை என்பது மறு கட்சி. 2020-ல் ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் மூன்றாவது யோசனை ஒன்று சொன்னார்கள். எடையின் மேல் விளிம்பில் பார்க்கவேண்டிய எண்ணை அவர் கீழ் விளிம்பில் பார்த்திருக்கலாம்; அதனால் எண் 12 போல அதிகமாகியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஒன்பதாவது ஸிம்பனியின் கையெழுத்துப் பிரதியில் '108 அல்லது 120' என்று பீத்தோவனே சந்தேகத்தோடு குறித்து வைத்திருப்பதை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். வித்தியாசம் அதே 12!

மெல்ஸல் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய்த் துருக்கன் பொம்மையைக் காட்டிப் பணம் சம்பாதித்தார். 1838-ல் கப்பலிலேயே இறந்தார். உடலைக் கடலில் விட்டார்கள். பொம்மை 1854-ல் பிலடெல்பியாவில் ஒரு தீ விபத்தில் எரிந்துபோயிற்று. டிக், டிக் மாத்திரம் நிற்கவில்லை.

அடுத்தாற்போல் அது சினிமாவுக்குள் நுழைந்தது. 1928-ல் வால்ட் டிஸ்னி, மிக்கி எலி படத்துக்கு இசை சேர்க்க நியூயார்க் போனார். எலி குதிக்கும்போது இசையும் குதிக்கவேண்டும். முதல் நாள் ஒலிப்பதிவு நாசமாயிற்று. எலி ஒரு பக்கம், இசை ஒரு பக்கம். கையிலிருந்த பணமும் தீர்ந்தது. டிஸ்னி தம் மோட்டார் காரை விற்று இரண்டாம் முறை ஏற்பாடு செய்தார். இந்தத் தடவை, குதிக்கும் புள்ளி ஒன்றைப் படச்சுருளிலேயே பதித்து, வாத்தியக் குழுவின் தலைவர் அதைப் பார்த்துத் தாளம் போடும்படி செய்தார்கள். எலியும் இசையும் சேர்ந்தன. சீக்கிரத்தில் கண்ணால் பார்ப்பது போய்க் காதால் கேட்பது வந்தது. படச்சுருளின் ஓரத்தில் துளை போட்டால், அது ஓடும்போது 'க்ளிக்' என்று சப்தம் கேட்கும். படம் வினாடிக்கு 24 சட்டம் ஓடுகிறது. 12 சட்டத்துக்கு ஒரு துளை என்றால் நிமிஷத்துக்கு 120 தட்டு. ஹாலிவுட்டில் காலப்பிரமாணத்தைத் துளையில் அளந்தார்கள்!

இனிக் கம்ப்யூட்டருக்கு வருவோம். 1980 வாக்கில் மின்சார வாத்தியங்கள் பெருகிவிட்டன. ஆனால் ஒரு கம்பெனி வாத்தியம் போடும் தாளம் இன்னொரு கம்பெனி வாத்தியத்துக்குப் புரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இருவர் முன்வந்தார்கள். ஒருவர் அமெரிக்காவில் டேவ் ஸ்மித். மற்றவர் ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி. ககேஹாஷி இளவயதில் என்ன தொழில் செய்தார் தெரியுமா? கடிகார ரிப்பேர்! இவர்களும் மற்றும் சில கம்பெனிகளும் கலந்து பேசி வகுத்த பொதுப் பாஷைக்கு 'மிடி' என்று பெயர். 1983 ஜனவரியில், கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில், போட்டிக் கம்பெனிகள் இரண்டின் வாத்தியங்களை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் சேர்ந்து பாடிற்று.

மிடியில் தாளம் எப்படிப் போகிறது என்பதைக் கேளுங்கள். தலைமைக் கருவி 'நிமிஷத்துக்கு இத்தனை' என்று எண்ணைச் சொல்வதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் 24 துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். 120 காலப்பிரமாணத்தில் வினாடிக்கு 48 துடிப்பு. துடிப்புகள் நெருங்கினால் மற்றக் கருவிகளும் வேகம் பிடிக்கும். தளர்ந்தால் அவையும் தளரும். கூடவே 'தொடங்கு', 'நிறுத்து', 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்று மூன்று கட்டளைகள். பாடகரின் தொடையில் விழும் கையைப் பார்த்துக்கொண்டே மிருதங்கக்காரர் வாசிக்கவில்லையா? அதுதான் இது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. அந்தப் பாஷைக்கு அவர்கள் காசு கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி உபயோகிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். மெல்ஸலின் கதையைப் படித்துவிட்டு இதைப் படித்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது. 2013-ல் இருவருக்கும் கிராமி விருது கொடுத்தார்கள். ககேஹாஷி 2017-லும் ஸ்மித் 2022-லும் காலமானார்கள். அவர்களுடைய பாஷை இன்றும் வழக்கில் இருக்கிறது.

கம்ப்யூட்டரின் உள்ளே ஒரு தட்டை 24 என்ன, 960 பங்காகவே பல மென்பொருள்கள் பிரிக்கின்றன. 120 காலப்பிரமாணத்தில் ஒரு பங்கு, வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒன்று! இவ்வளவு நுட்பமான கட்டம் கிடைத்ததும் மனிதன் என்ன செய்தான்? வாசித்த ஸ்வரங்களையெல்லாம் கட்டத்தின் கோட்டுக்கு இழுத்து நேராக நிறுத்தும் வசதியைக் கண்டுபிடித்தான். ரோஜர் லின் என்ற அமெரிக்கர் 1980-ல் கொண்டுவந்த தாள யந்திரத்திலேயே அது இருந்தது. ஆனால் லின் ரசிகர். எல்லாம் நேராக நின்றால் போலீஸ் அணிவகுப்பு மாதிரி இருக்கிறது என்று கண்டு, இரண்டில் ஒரு தட்டைச் சற்றுத் தாமதப்படுத்தி நடையில் ஓர் ஆட்டத்தைக் கொடுக்கும் வசதியையும் கூடவே வைத்தார்.

டெட்ராய்ட் நகரத்து இளைஞர் ஜே டில்லா அதற்கும் மேலே போனார். லின் வடிவமைத்த வழியில் வந்த யந்திரத்திலேயே, சில தட்டுகளைக் கோட்டில் வைத்து, சிலவற்றை வேண்டுமென்றே முன்னும் பின்னும் தள்ளி, போதையில் நடப்பவன் விழாமல் நடப்பது போன்ற ஒரு நடையை உண்டாக்கினார். 2006-ல் 32 வயதில் இறந்துபோனார். அவருடைய தாள யந்திரத்தை இன்று வாஷிங்டனில் கறுப்பர் சரித்திரப் பொருட்காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். பெட்டியைக் கொண்டே பெட்டியை மீறியவர் அவர்.

கடைசியாக ஒரு சங்கடம் பாக்கியிருந்தது. பதிவான சங்கீதத்தின் வேகத்தை மாற்றினால் சுருதியும் மாறிவிடும். ஒலிநாடாவை நூற்றுக்கு 6 பங்கு வேகமாக ஓட்டினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். சுருதி அசையாமல் வேகத்தை மட்டும் மாற்ற முடியுமா? 1966-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் பேச்சொலியை ஆராய்ந்த இருவர் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒலியைச் சின்னஞ்சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன சுருதிகள் கலந்திருக்கின்றன என்று கணக்கெடுத்து, அதே சுருதிகளை நீட்டியோ குறுக்கியோ மறுபடி கட்டுவது. அன்று பெரிய கம்ப்யூட்டருக்கே கஷ்டமாக இருந்த காரியம். பெர்லினில் உருவாகி 2001-ல் வந்த 'ஏபிள்டன் லைவ்' போன்ற மென்பொருள்களில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேஜைமேல் வைத்த கம்ப்யூட்டரில் நடக்கும் காரியமாயிற்று.

இப்போது மாடி அறைக்குத் திரும்புவோம்.

வித்வான் பிடிலைப் பெட்டியில் வைக்கப் போனார். அதுவரை பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று, "சார், ஒரு நிமிஷம். க்ளிக்கை நிறுத்திவிடுகிறேன். உங்கள் இஷ்டத்துக்கு ஒரு தடவை வாசியுங்கள்" என்றான்.

"மற்ற வாத்தியம் ஒட்டாது என்றாயே?"

"அது என் பாடு, சார்."

வித்வான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஐந்தாவது வரி வந்தது, போயிற்று. எங்கே தாழ்ந்தது, எங்கே எழுந்தது என்று எனக்குத் தெரியவே இல்லை.

பிறகு பையன் ஒரு மணி நேரம் வேலை செய்தான். வித்வானின் வில் விழுந்த இடங்களைப் பார்த்துத் தாளக் கோடுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினான். முன்பே பதிவான வாத்தியங்களெல்லாம் சுருதி அசையாமல், அந்தக் கோடுகளின் பின்னால் நகர்ந்தன. மனிதனை யந்திரத்துக்கு இழுப்பதற்குப் பதில் யந்திரத்தை மனிதனிடம் இழுத்தான். அந்த வசதி அந்த மென்பொருளில் எப்போதும் இருக்கிறதாம். "பிறகு ஏனப்பா முதலிலேயே செய்யவில்லை?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் ஆகிறதே, மாமா" என்றான்.

நியாயம்தான். விங்கெலின் பெட்டியைத் தன்னுடையதென்று சொன்னவர் மெல்ஸல், பெட்டி சொல்லவில்லை. எழுபத்திரண்டுதான் சங்கீதம் என்றும் பெட்டி ஒருநாளும் சொன்னதில்லை. அவசரத்தில் இருக்கும் நாம்தான் சொல்கிறோம்.

வித்வான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். எழுபத்திரண்டில் நேராக ஓடிய ஒரு கோடு, ஓர் இடத்தில் மெல்லப் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறிற்று.

"இது என்ன தம்பி?"

"ஐந்தாவது வரி, சார். நீங்கள் மூச்சு விட்ட இடம்."

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லை, எழுபதுக்குத்தான் இறங்கியிருக்கிறேன், அறுபத்தொன்பதுக்குப் போகவில்லை" என்றார் பெருமையாக.